குருதிநீரில் கண்ட காவல்

ஜப்பான் நாட்டின் கியூஷூ தீவில், மலைகள் சூழ்ந்த ஒகுனிப் பகுதியில் 1853ஆம் ஆண்டு பிறந்தவர் கிடசாட்டோ ஷிபாசபுரோ. டோக்கியோவில் மருத்துவம் பயின்ற அவர், அரசின் உதவியோடு ஜெர்மனி சென்று, பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

ரணஜன்னி அந்நாளில் மருத்துவர்களைத் திகைக்க வைத்த நோய். மண்ணிலும் சாணத்திலும் உறங்கிக் கிடக்கும் நுண்ணுயிரி சிறு காயத்தின் வழியே உடலுள் புகும், தாடை இறுகும், உடல் வில்லென வளையும். பச்சிளங் குழந்தைக்கோ தொப்புள்கொடி அறுத்த இடமே போதும். பிறந்த சில நாள்களில் பால் குடிக்க இயலாமல் வாய் இறுகி மடிந்த குழந்தைகளுக்குக் கணக்கில்லை. அந்நுண்ணுயிரியைப் பிறவற்றினின்று தனியே பிரிக்கவே இயலாது என அறிஞர் சிலர் கருதினர். கிடசாட்டோ அவ்வாறு எண்ணவில்லை. கலவையை 80 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்தார். பிற கிருமிகள் மடிந்தன. தடித்த உறையுள் அடங்கிய இதன் வித்துகள் மட்டும் எஞ்சின. உயிர்வளி பட்டால் இவை வளரா என்பதறிந்து, ஹைட்ரஜன் வாயுவில் வைத்து வளர்த்தார். 1889இல் ரணஜன்னிக் கிருமி தனியே அவர் கைவசமாயிற்று.

அடுத்த ஆண்டு, எமில் வான் பெரிங்குடன் இணைந்து இன்னும் பெரியதொன்றைக் கண்டார். நோயெதிர்ப்பு பெற்ற முயலின் குருதிநீரை எலிகளுக்குச் செலுத்தினர். பின்னர்க் கொடிய கிருமிகளை ஏற்றியும் அவ்வெலிகள் பிழைத்தன. காக்கும் ஆற்றல் குருதிநீரிலேயே உள்ளது என்பதும், ஓருயிரிலிருந்து மற்றோருயிர்க்கு அதனை வழங்கலாம் என்பதும் அன்று தெளிவாயின. ஆயினும் 1901இல் மருத்துவத்திற்கான முதல் நோபல் பரிசு பெரிங் ஒருவருக்கே கிடைத்தது.

கிடசாட்டோ 1892இல் தாயகம் திரும்பினார். ஃபுகுசாவா யுகிச்சி என்னும் கல்வியாளர் துணைநிற்க, தொற்றுநோய் ஆய்வகம் ஒன்றை நிறுவினார். 1914இல் அரசு அதனை வேறு துறைக்கு மாற்றியபோது, உடன்படாமல் பதவி துறந்து, தம் பெயரால் புதிய ஆய்வகம் கண்டார். ஆசிரியர் காக் இறந்தபின் ஆய்வக வளாகத்தில் அவருக்குச் சிறு கோயிலே எழுப்பிய அன்பாளர் அவர். 1931இல் மறைந்தார்.

இரவலாகப் பெற்ற எதிர்ப்பாற்றல் சில காலமே நிற்கும். உடல் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றலே நெடுநாள் நிலைக்கும். நஞ்சின் கொடுமையை நீக்கித் தடுப்பு மருந்தாக்கும் வழியைப் பிரான்சின் காஸ்டன் ரமோன் 1920களில் கண்டார். இன்று கருவுற்ற தாய்க்கு நான்கு வார இடைவெளியில் இருமுறை தடுப்பூசி இடுகின்றனர். பேற்றுக்கு இரு வாரம் முன்னரேனும் இரண்டாம் ஊசி முடிந்திருத்தல் வேண்டும். அப்போதுதான் தாயின் எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியே சேயைப் போதிய அளவு சென்றடையும். முயல் எலிக்கு வழங்கியதைத் தாய் சேய்க்கு வழங்குகிறாள் எனலாம். அவ்விரவல் குறையத் தொடங்குமுன் குழந்தை தனக்கெனத் தேடிக்கொள்ள வேண்டும். ஆதலால் 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும், 16 முதல் 24 மாதத்திற்குள் ஊக்க ஊசியும் இடப்படுகின்றன. ஒருமுறை ரணஜன்னி கண்டு பிழைத்தவர்க்கும் ஊசி தேவையே. நோய் தரும் நஞ்சின் அளவு மிகச் சிறிதாகையால் உடல் அதனைக் கற்றுக்கொள்வதில்லை.

சடையப்ப வள்ளலின் திருவெண்ணெய்நல்லூரில் பிறக்கும் குழந்தைக்கும் இக்கால வரிசையே. தாய்க்கும் சேய்க்கும் வரும் ரணஜன்னி பொதுநலச் சிக்கலாக இல்லாத நிலையை இந்தியா எய்தியதாக 2015இல் உலக நலவாழ்வு நிறுவனம் உறுதி செய்தது. மண்ணில் அக்கிருமி இன்றும் இருக்கிறது.