ஹரிகதை முதல், அரசியல் இரண்டாவது: சமர்த்த ராமதாசர்

மணப்பந்தலில் புரோகிதர் மங்கள சுலோகங்களைச் சொல்லிக் கொண்டிருந்தார். மணமக்களுக்கு நடுவே திரை பிடிக்கப்பட்டிருந்தது. மராட்டிய வழக்கப்படி, விழிப்பாக இரு என்று பொருள்படும் சாவதான் என்ற சொல் ஒலித்தது. பன்னிரண்டு வயது நிரம்பிய மணமகன் நாராயணன் அதைத் தனக்கே விடுக்கப்பட்ட எச்சரிக்கையாகக் கொண்டான். பந்தலை விட்டு ஓடி மறைந்தான். சமர்த்த ராமதாசரின் துறவு வாழ்வு இவ்வாறு தொடங்கியதாக மரபு கூறுகிறது.

இன்றைய ஜால்னா மாவட்டத்திலுள்ள ஜாம்ப் என்ற கிராமத்தில், 1608-ஆம் ஆண்டு ஸ்ரீராமநவமி நாளில் அவர் பிறந்தார். தந்தை சூர்யாஜிபந்த், தாய் ராணுபாய். வீட்டை விட்டுப் புறப்பட்டவர் நாசிக் அருகே டாக்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் கோதாவரி நீரில் நின்று ராமநாமம் ஜபித்தார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் பாரதமெங்கும் யாத்திரை செய்தார். தக்காணத்தில் 1630-ஐ ஒட்டிக் கொடும் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. ஒருபுறம் மழை பொய்த்தது. மறுபுறம் படைகள் கொள்ளையிட்டன. மக்கள் படும் துயரைக் கண்ணால் கண்ட துறவி, தன் முக்தி ஒன்றையே நாடி ஒதுங்கியிருக்க முடியவில்லை.

கிருஷ்ணா நதிப் பள்ளத்தாக்கில் அவர் தம் பணியைத் தொடங்கினார். சாஃபலில் ராமர் ஆலயம் எழுப்பினார். சுற்றுவட்டாரத்தில் பதினொரு மாருதி ஆலயங்களை நிறுவினார். பக்தியோடு உடல் வலிமையும் வேண்டும் என்பது அவரது உபதேசம். இளம் விதவையான வேணாபாய்க்குக் கீர்த்தனம் செய்யும் உரிமையும் மடத்தை நடத்தும் பொறுப்பும் அளித்தார். அக்காலத்தில் அது எளிய செயல் அன்று.

சிவ்தர் மலைக்குகையில் அவர் சொல்ல, சீடர் கல்யாண சுவாமி எழுதியதாகச் சொல்லப்படும் தாசபோதம் இருபது தசகங்களும் இருநூறு அத்தியாயங்களும் கொண்ட பெருநூல். வேதாந்தம், குருபக்தி, நற்பண்பு ஆகியவற்றோடு அரசியலும் அதில் பேசப்படுகிறது. தலைவன் மக்களின் உள்ளம் அறிந்து நடக்க வேண்டும், சோம்பலை ஒழிக்க வேண்டும் என அவர் வகுத்துரைக்கிறார். சத்ரபதி சிவாஜிக்கும் சாம்பாஜிக்கும் எழுதியவையாக அறியப்படும் கவிதைக் கடிதங்களில் மகாராஷ்டிர தர்மம் என்ற சொற்றொடரைக் கையாண்டார். சிவாஜி அவரை முதலில் சந்தித்தது எப்போது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1678-இல் சாஃபல் ஆலயத்துக்குச் சிவாஜி அளித்த மானியம் பற்றிய ஆவணம் அவர்களது தொடர்புக்குச் சான்றாக விளங்குகிறது.

சக ஆண்டு 1603-இல் சஜ்ஜன்கட் கோட்டையில் ராமதாசர் சமாதியடைந்தார். அவரது இறுதி நாட்களில் அங்கு வந்து சேர்ந்த ராமர், சீதை, லட்சுமணர் திருவுருவங்கள் நம் தஞ்சையில் வடிக்கப்பட்டவை என்பது மரபு.

இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அவரது சொற்கள் புத்துயிர் பெற்றன. 1867-இல் பம்பாயில் தோன்றிய பிரார்த்தனை சமாஜத்தின் முன்னோடிகளுள் ஒருவரான நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே, 1900-இல் மராட்டியர் எழுச்சி குறித்த தம் நூலை வெளியிட்டார். ஐரோப்பாவில் சமயச் சீர்திருத்தம் புதிய வாழ்வைத் தந்தது போல, மராட்டிய நாட்டில் ஞானிகளின் இயக்கமே சுயராஜ்யத்துக்கு அடித்தளமிட்டது என்று அவர் வாதிட்டார். தாய்மொழியில் சாஸ்திரம், சாதிச் செருக்கின் தளர்ச்சி, சகிப்புத்தன்மை ஆகியவற்றை அவர் அந்த இயக்கத்தின் பயன்களாகக் கண்டார். மகாராஷ்டிர தர்மம் என்ற சொல்லுக்கும் இந்த ஒளியிலேயே பொருள் கண்டார்.

வரலாற்றறிஞர் ராஜவாடே இதை ஏற்கவில்லை. அச்சொல் சமயக் காப்பையும் சுயராஜ்ய நிறுவலையும் மராட்டியர் ஒற்றுமையையும் குறிக்கிறது என்றார் அவர். மறுபுறம் மகாத்மா ஜோதிராவ் புலேயின் வழிவந்தோர், உழவர் குடியின் வீரரான சிவாஜிக்கு அந்தணத் துறவியை வழிகாட்டியாகக் காட்டுவதையே எதிர்த்தனர்.

கவிதைக்கு ஆற்றல் உண்டென்பதை அன்னிய ஆட்சியும் அறிந்திருந்தது. ராமதாசர் தவமிருந்த அதே நாசிக்கில், 1909-இல், நாட்டுப்பற்றுப் பாடல்களை வெளியிட்டதற்காகக் கணேச சாவர்க்கர் ஆயுள் தண்டனை பெற்று அந்தமான் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

1923 ஜனவரியில் வார்தாவில் ஆசாரிய வினோபா பாவே ஒரு மராத்தி மாத இதழைத் தொடங்கினார். அதன் பெயர் மகாராஷ்டிர தர்மம். படையெடுப்பின் காலத்தில் பிறந்த சொல், அவரது கையில் உபநிடத விளக்கத்துக்கும் தொண்டுக்கும் தலைப்பாயிற்று. சில மாதங்களில் நாக்பூர் கொடிச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர், பின்னர் அதை வார இதழாக நடத்தினார்.

ஒரே சொல்லில் ஒருவர் சீர்திருத்தத்தைக் கண்டார். ஒருவர் அரசைக் கண்டார். மற்றொருவர் தொண்டைக் கண்டார். ஒவ்வொருவரும் தம் காலத்துக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டனர். ஆயின் ராமதாசர் தாமே ஒரு வரிசையை வகுத்திருக்கிறார். சமுதாயப் பணி செய்வோனுக்கு ஹரிகதையே முதன்மையானது, அரசியல் இரண்டாவது, எதிலும் விழிப்பு மூன்றாவது, இடையறா முயற்சி நான்காவது. இவ்வரிசையில் இரண்டாவதை மட்டும் பிடுங்கி எடுத்தால் எஞ்சுவது அதிகார ஆசையே. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு துன்புறும் மக்களை மறந்தால், பஞ்ச காலத்தில் ஊர் ஊராக நடந்த அந்தத் துறவியை நாம் அறிந்தவர் ஆகோம்.

மகான்களின் சொல்லை நாமும் நம் பணிக்கு அன்றாடம் துணையாகக் கொள்கிறோம். அவர்கள் காட்டிய வரிசையையும் சேர்த்து ஏற்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம். மணப்பந்தலில் ஒரு சிறுவனின் செவியில் விழுந்த சாவதான் என்ற சொல் நமக்கும் உரியதே.