ஃபிரான்ஸ் போஸ்ட்: கரும்பாலையைத் தொலைவில் வைத்த ஓவியர்

அகன்ற வானம், அமைதியான நீர்ப்பரப்பு, அப்பால் ஒரு தீவு. கரையில் குதிரையுடன் வெள்ளையர். அருகே தலையில் பழக்கூடை சுமந்து நிற்கும் கறுப்பின அடிமை. 1637இல் ஃபிரான்ஸ் போஸ்ட் தீட்டிய பிரேசிலின் இட்டமராக்கா தீவுக் காட்சி இது. ஐரோப்பாவில் பயிற்சி பெற்று, அமெரிக்கக் கண்டத்தின் நிலக்காட்சிகளை நேரில் கண்டு தீட்டிய முதல் ஓவியர் எனக் கலை வரலாறு அவரைப் போற்றுகிறது. அவரது வாழ்வைக் கூடை சுமந்தவரின் பக்கம் நின்று வாசிக்க முனைகிறோம்.

போஸ்ட் 1612இல் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் கண்ணாடி ஓவியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். போர்த்துக்கீசியரிடமிருந்து வடகிழக்கு பிரேசிலைக் கைப்பற்றியிருந்த டச்சு மேற்கிந்தியக் கம்பெனி, அங்கே யோஹான் மௌரிட்ஸை ஆளுநராக அனுப்பியது. அவருடன் 1637 தொடக்கத்தில் போஸ்ட் ரெசிஃபே வந்திறங்கினார். நிலத்தையும் கோட்டைகளையும் ஆளுநருக்காக வரைவதே அவர் பணி.

அதே ஆண்டில் மௌரிட்ஸ் அனுப்பிய படை மேற்கு ஆப்பிரிக்காவின் எல்மினா கோட்டையைப் பிடித்தது. 1641இல் அங்கோலாவின் லுவாண்டாவும் டச்சுக்காரர் வசமாயிற்று. கரும்பாலைகளுக்கு அடிமைகளைத் தடையின்றிக் கொண்டுவருவதே முதன்மை நோக்கம். டச்சு ஆட்சிக் காலத்தில் 20,000க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர் பிரேசிலில் விற்கப்பட்டனர். அறுவடைப் பருவத்தில் ஆலைகள் இரவும் பகலும் ஓடின. உறக்கமின்றிக் கரும்பைச் செலுத்தியவர்களின் கைகள் உருளைகளில் சிக்கி நசுங்கின. கொப்பரைகளில் கொதித்த சாறு உடலைச் சுட்டது.

போஸ்டின் ஓவியங்களில் அந்த ஆலை பெரும்பாலும் பசுமைக்கு நடுவே சிறியதாகத் தெரிகிறது. அடிமைகள் இளைப்பாறுகிறார்கள், நடனமாடுகிறார்கள், கூடையுடன் நடக்கிறார்கள். அவர் அவர்களை வரையாமல் விடவில்லை. அவர்கள் பட்ட வதையைத்தான் விட்டுவிட்டார். இல்லாதவர்களாகக் காட்டுவதைவிட, துன்பமில்லாதவர்களாகக் காட்டுவது உண்மையை இன்னும் ஆழமாகப் புதைக்கிறது என்று கருதுகிறோம்.

1644இல் தாயகம் திரும்பிய போஸ்ட், 1646இல் ஹார்லெம் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார். பிரேசிலில் அவர் தீட்டியவற்றுள் ஏழு ஓவியங்களே எஞ்சியுள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட பிற ஓவியங்கள் மீண்டும் அந்த மண்ணை மிதிக்காமலே ஹார்லெமில் வரையப்பட்டவை. டச்சுச் செல்வந்தர்கள் விரும்பியபடி முன்புறத்தில் எறும்புத்தின்னியும் அன்னாசியும் அமைந்தன. 1654இல் டச்சு பிரேசில் வீழ்ந்த பின்னும் அந்த இன்பவனம் விலைபோனது. 1680இல் அவர் இறந்தார்.

அவர் அழகாக்கிய காடுகளுக்குள் வேறொரு வரலாறு நிகழ்ந்துகொண்டிருந்தது. தப்பியோடிய அடிமைகள் பல்மாரெஸ் என்னும் சுதந்திரக் குடியிருப்புகளை எழுப்பியிருந்தனர். 1644இலும் 1645இலும் டச்சுப் படைகள் தாக்கியும் அவை அழியவில்லை. 1694 வரை நின்றன. அவற்றின் தலைவர் சும்பி கொல்லப்பட்ட நவம்பர் 20 இன்று பிரேசிலில் கறுப்பின உணர்வு நாள்.

போஸ்டின் ஓவியங்களை அருங்காட்சியகங்களிலிருந்து அகற்றக் கோருவதல்ல நம் நோக்கம். அவற்றின் முன் நிற்போர், இந்த அமைதி யாருக்காக வரையப்பட்டது, யாருடைய உழைப்பில் நின்றது என்று கேட்க வேண்டும்.