தவிட்டின் அருமை கண்ட எய்க்மன்

உயிர் காத்த பெரியோரை எண்ணும்போது, அரிசிச் சோறுண்ணும் நாம் முதலிற் போற்ற வேண்டிய ஒருவரைப் பெரும்பாலும் மறந்து விடுகின்றோம். அவரே ஒல்லாந்து நாட்டு மருத்துவ அறிஞர் கிறிஸ்டியான் எய்க்மன். பெரிபெரி என்னும் கொடிய நோயின் வேரைக் காண வழிகாட்டியவர் அவர். அந்நோயின் பெயரே, பெருந்தளர்ச்சி எனப் பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்ததென்பது பலர் கருத்து. ஆதலின் அவர் வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

எய்க்மன் 1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆந் திகதி, பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் ஏழாவது மகவாகப் பிறந்தார். படை மருத்துவராகப் பயின்று, 1883இல் பட்டமும் பெற்று, மணமும் முடித்து, ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த யாவாவுக்குக் கப்பலேறினார். மலேரியாக் காய்ச்சல் வாட்டவே 1885இல் ஊர் திரும்பினார். மறு ஆண்டு மனைவியும் மறைந்தார். உடல் நலிவும் உள்ளத் துயரும் ஒருங்கே தாக்கியும் அவர் சோர்ந்திருந்தாரல்லர். பெர்லினில் றொபேட் கோக் என்னும் பேரறிஞரிடம் கிருமியாராய்ச்சி கற்று, பெரிபெரியை ஆராயச் சென்ற குழுவுடன் 1886இல் மீண்டும் யாவா சென்றார். 1888இல் பத்தாவியா ஆய்வுகூடத்தின் தலைவரானார்.

அக்காலத்தில் படைவீரரும் சிறைவாசிகளும் பெரிபெரியால் கூட்டங் கூட்டமாக மடிந்தனர். கால் மரத்து நடை தளரும். சிலருக்கு உடல் வீங்கி, மூச்சுத் திணறி, இதயம் சில மணி நேரத்திலேயே ஓய்ந்து விடும். கிருமியே காரணமென அறிஞர் நம்பினர்; எய்க்மனும் அவ்வாறே நம்பினார்.

அப்பொழுது ஆய்வுகூடத்துக் கோழிகள் கால் துவண்டு விழலாயின. ஜூலையில் தோன்றிய அந்நோய் நவம்பர் இறுதியில் தானே மறைந்தது. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. செலவைக் குறைக்கும் பொருட்டு, இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையின் வெள்ளைச் சோறு கோழிகளுக்கு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படைக்குரிய சோறு கோழிகளுக்கு ஆகாதென மறுத்து விட்டார். கோழிகளும் பிழைத்தன! வேறொருவராயின் நகைத்து விட்டிருப்பர். எய்க்மனோ பல்லாண்டு சோதித்தார். தீட்டிய அரிசி நோயைத் தந்தது. தவிடு அதனைத் தீர்த்தது. அவர் நண்பர் வோர்டர்மன் யாவாவின் 101 சிறைச்சாலைகளை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி வழங்கிய 51 சிறைகளில் 36இல் பெரிபெரி இருந்தது. தவிட்டுடன் அரிசி வழங்கிய 37 சிறைகளில் ஒன்றில் மட்டுமே காணப்பட்டது.

ஆயினும் பெரியோரும் தவறுவதுண்டு. சோற்றிலே நஞ்சு உண்டென்றும், தவிடு அதற்கு மாற்று மருந்தென்றும் எய்க்மன் எண்ணினார். அவர் 1896இல் தாயகம் திரும்பியபின், ஆராய்ச்சியைத் தொடர்ந்த கிரைன்ஸ், 1901இல், தவிட்டிலுள்ள இன்றியமையாப் பொருளொன்றின் குறைவே நோயெனத் தெளிவித்தார். எய்க்மனும் பின்னர் அதனை ஏற்றுக்கொண்டார். தம் கருத்தைத் தாமே திருத்திய இப்பண்பு, கண்டுபிடிப்பினும் உயர்ந்ததென்போம். 1926இல் அதே பத்தாவியாவில் யான்சென், டொனாத் என்னும் இருவர் அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அதுவே தயமின் என்னும் உயிர்ச்சத்து பி1. 1929இல் எய்க்மனுக்கும் ஹொப்கின்ஸ் என்பாருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. கிரைன்ஸுக்குப் பங்கில்லாமற் போனது வருந்தத்தக்கதே. நோயுற்றிருந்த எய்க்மன் பரிசு பெறச் செல்ல இயலாது, 1930 நவம்பர் 5ஆந் திகதி காலமானார்.

இவ்வரலாற்றில் நம்மவர்க்கும் இடமுண்டு. மலாயாவில் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் மடிய, புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் தப்பியதை, பிராடன் என்னும் மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டு எழுதினார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசியினுள் இறங்கி விடுகின்றது. காரணம் அறியாமலே நம் பாட்டிமார் உயிர் காத்து வந்தனர்!

பெரிபெரி பழங்கதையென நாம் எண்ணலாகாது. தயமின் உடலில் சில வாரங்களுக்கே தங்கும். வெள்ளை அரிசியும் கோதுமை மா ரொட்டியுமே உண்டு வாழ்வோர், சாப்பாடின்றிக் குடிப்போர், ஓயாது வாந்தியெடுக்கும் கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இன்றும் ஆபத்துண்டு. லயத்து வாசலிலே ஒருவர் தள்ளாடி, பேச்சுக் குழம்பி, கண் நிலை தடுமாறிக் கிடந்தால், குடிவெறியென ஒதுக்கிச் செல்கின்றோம். நாமும் அவ்வாறு சென்றதுண்டு, வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம். அது மூளையைத் தாக்கிய தயமின் குறைவாகவும் இருக்கலாம். விடியட்டும் எனக் காத்திராது, கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லல் வேண்டும். எத்தனை நாள் உண்ணவில்லை, எவ்வளவு குடித்தார் என்பதை வைத்தியரிடம் மறையாது கூறல் வேண்டும். இதயம் தளர்ந்தவரும் தயமின் ஊசியால் சில மணி நேரத்திலேயே தேறுவதுண்டு. தாமதித்தாலோ உயிரோ அறிவோ மீளாது.

இளைஞர்காள்! கால் துவண்ட கோழியை அலட்சியம் செய்யாத ஒருவரால் எண்ணற்ற மாந்தர் பிழைத்தனர். கால் துவண்டு கிடக்கும் மனிதரை நாம் அலட்சியம் செய்யலாமா?