மார்கரெட் மெக்மில்லன்

மார்கரெட் மெக்மில்லன் (ஜூலை 20, 1860 – மார்ச் 1931) இங்கிலாந்தில் சிறுவர் நலத்துக்காகவும் மழலையர் கல்விக்காகவும் பாடுபட்ட சமூகச் சீர்திருத்தவாதி ஆவார். தமக்கை ரேச்சல் மெக்மில்லனுடன் இணைந்து 1914 இல் இலண்டனின் டெப்ட்ஃபோர்டு பகுதியில் திறந்தவெளி மழலையர் பள்ளியை நிறுவினார். ஏழைக் குழந்தைகளிடையே நோய் பரவுவதைத் தடுக்க மருத்துவம் மட்டும் போதாது என்றும், தூய்மை, காற்று, உணவு, உறக்கம் ஆகியவை பள்ளியின் அன்றாடப் பணியாக வேண்டும் என்றும் இவர் வலியுறுத்தினார்.

இளமை

இவர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தார். 1865 இல் தந்தையும் தங்கை எலிசபெத்தும் இறந்தனர். அப்போது ஸ்கார்லெட் காய்ச்சலால் தாக்குண்ட மார்கரெட் உயிர் பிழைத்தாலும் கேட்கும் திறனை இழந்தார். ஏறத்தாழ 14 வயதில்தான் அது மீண்டது. கணவரை இழந்த தாய் இரு மகள்களுடன் ஸ்காட்லாந்திலுள்ள இன்வர்னஸ் நகருக்குத் திரும்பினார்.

பிராட்ஃபோர்டில் பணி

1893 இல் சகோதரிகள் இருவரும் கம்பளி ஆலைகள் நிறைந்த பிராட்ஃபோர்டு நகருக்குச் சென்றனர். மறு ஆண்டு மார்கரெட், சுதந்திர தொழிற்கட்சியின் சார்பில் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பசியோடும் அழுக்கோடும் வரும் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவதால் பயனில்லை என வாதிட்டார். இவரது முயற்சியின் பயனாக 1897 இல் அந்நகரப் பள்ளி ஒன்றில் குளியலறைகள் அமைக்கப்பட்டன. மருத்துவர் ஜேம்ஸ் கெருடன் இணைந்து மாணவர்களுக்கான மருத்துவப் பரிசோதனையையும் ஊக்குவித்தார். 1902 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளி வாரியங்களைக் கலைத்ததால் இப்பதவி முடிவுற்றது. அதன்பின், கென்ட் மாவட்டத்தில் சுகாதாரம் கற்பித்து வந்த ரேச்சலுடன் இணைந்தார்.

மருத்துவ நிலையமும் இரவு முகாமும்

1907 ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. ஆனால் கண்டறியப்பட்ட நோய்க்குச் சிகிச்சை அளிப்பதை அது கட்டாயமாக்கவில்லை. இக்குறையைப் போக்க, சோப்புத் தொழிலதிபர் ஜோசப் ஃபெல்ஸ் வழங்கிய நிதியுடன் சகோதரிகள் 1908 இல் இலண்டனின் போ பகுதியில் மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினர். 1910 இல் பணி டெப்ட்ஃபோர்டுக்கு மாறியது. அங்கே கண், காது, பல், தோல் நோய்களுக்குச் சிகிச்சை தரப்பட்டது. எனினும் குணமடைந்து சென்ற குழந்தைகள் சில வாரங்களில் அதே நோயுடன் திரும்பி வந்தனர். பலர் ஒரே அறையில் நெருங்கி வாழும் வீடுகளே இதற்குக் காரணம் என்பதைச் சகோதரிகள் உணர்ந்தனர். ஆகவே 1911 இல் சிறுமியர் திறந்தவெளியில் உறங்கி, காலையில் குளித்துப் பள்ளி செல்வதற்கான இரவு முகாமைத் தொடங்கினர்.

திறந்தவெளி மழலையர் பள்ளி

பள்ளி வயதை எட்டும் முன்பே நோய்கள் தொடங்குவதால், ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான பள்ளி 1914 இல் உருவானது. தோட்டத்தை நோக்கித் திறந்த கொட்டகைகளில் குழந்தைகள் குழுக்களாக வளர்க்கப்பட்டனர். குளியல், தூய உடை, சத்தான உணவு, பகல் உறக்கம் ஆகியன நாள்தோறும் வழங்கப்பட்டன. முதல் உலகப் போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த தாய்மாரின் குழந்தைகளும் இங்குச் சேர்க்கப்பட்டனர்.

தட்டம்மைக்கான தடுப்பூசி 1963 இல்தான் உரிமம் பெற்றது. காற்றோட்டத்தால் மட்டும் தட்டம்மையை முற்றிலும் தடுக்க இயலாது. ஆயினும் காற்றோட்டம், கைகழுவுதல், சிறு குழுக்கள் ஆகியவை நோய்ப் பரவலைக் குறைக்கும் வழிகளாக இன்றைய குழந்தைகள் காப்பகங்களிலும் பின்பற்றப்படுகின்றன.

இறுதிக் காலம்

ரேச்சல் 1917 மார்ச் 25 அன்று இறந்தார். பின்னர் பள்ளிக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. உள்ளாட்சிகள் மழலையர் பள்ளிகளுக்கு நிதி வழங்க 1918 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அனுமதித்தது, கட்டாயப்படுத்தவில்லை. எனவே மார்கரெட் தொடர்ந்து பரப்புரை செய்தார். மழலையர் பள்ளி பற்றிய இவரது நூல் 1919 இல் வெளிவந்தது. 1923 இல் மழலையர் பள்ளிகள் சங்கத்தின் முதல் தலைவரானார். 1930 இல் டெப்ட்ஃபோர்டில் ரேச்சலின் பெயரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு மார்கரெட் காலமானார்.