தொப்பிகளை எண்ணிய வங்கி ஊழியர்

செப்டம்பர், அக்டோபரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க் பக்கம் போனீங்கன்னா, பைனாகுலரோடு அண்ணாந்து நிற்கும் ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். குளிருக்குப் பயந்து தெற்கே கிளம்பும் வார்ப்ளர் போன்ற சின்னக் குருவிகள் ராத்திரி முழுக்கப் பறக்கும். விடியும்போது கீழே சுற்றிலும் கான்கிரீட், நடுவில் 843 ஏக்கர் பச்சை. இறங்காம என்ன செய்யும்?

அந்தக் குருவிகளை மரத்தில் தேடாமல், மனுஷங்க தலையில் தேடின ஒருத்தரைப் பற்றித்தான் சொல்லப்போறேன். பெயர் பிராங்க் சாப்மேன். 1864-ல் நியூஜெர்சியில் பிறந்தவர். ஸ்கூலோடு படிப்பு முடிஞ்சது. 16 வயசுக்கு நியூயார்க்கில் வங்கி வேலை. விடியற்காலை எழுந்து காட்டைச் சுற்றிப் பறவை பார்ப்பார், அப்புறம் ரயிலைப் பிடிச்சு ஆபீஸ். சாயங்காலம் திரும்பி வந்தும் அதே வேலைதான்.

அப்போ பெண்களின் தொப்பியில் இறகு வைப்பது பெரிய ஃபேஷன். இறகு மட்டுமில்லை, முழுப் பறவையையே பாடம் பண்ணி வைப்பாங்க. 1886-ல் சாப்மேன் மன்ஹாட்டன் கடைத்தெருவில் இரண்டு நாள் மதியம் நடந்தார். எதிரே வந்த தொப்பிகளை எண்ணினார். மொத்தம் 700, அதில் 542-ல் இறகு. அடையாளம் தெரிஞ்ச உள்நாட்டுப் பறவைகள் மட்டும் 40 இனம்! நோட்டில் குறிச்சதை அப்படியே பத்திரிகைக்கு அனுப்பினார். வெறும் புலம்பலா இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க. இது டேட்டா.

அதே வருஷம் வங்கி வேலையை விட்டார். அடுத்த வருஷம் செப்டம்பர் இரவு ஒன்றில், நிலவைப் பார்த்து டெலஸ்கோப்பைத் திருப்பி வைத்து, அதன் குறுக்கே போன பறவைகளை எண்ணினார்: 262. ரேடார் இல்லாத காலத்தில் எவ்வளவு எளிமையான ஐடியா பாருங்க!

1888-ல் சென்ட்ரல் பார்க்குக்கு எதிரே இருக்கும் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உதவியாளரா சேர்ந்தார். டிகிரி கிடையாது. (1913-ல் பிரவுன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, அது வேற விஷயம்.) ஒன்றை மறைக்கக் கூடாது: அந்தக் காலத்தில் பறவை ஆராய்ச்சின்னா துப்பாக்கிதான், அவரும் ஆராய்ச்சிக்காகச் சுட்டவர்தான்.

ஆனா பொழுதுபோக்குக்குச் சுடுவதை அவரால் பொறுக்க முடியலை. கிறிஸ்துமஸ் அன்னைக்கு யார் அதிகம் சுடுறாங்கன்னு போட்டி வைக்கிற வழக்கம் இருந்தது. 1900-ல் தன்னோட 'பேர்ட் லோர்' பத்திரிகையில், சுடாதீங்க, எண்ணுங்கன்னு அழைப்பு விட்டார். 25 இடங்களில் 27 பேர் எண்ணினாங்க. அதில் சென்ட்ரல் பார்க்கும் ஒன்று. அந்தக் கணக்கெடுப்பு இன்னைக்கும் வருஷா வருஷம் நடக்குது.

1918-ல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் வந்தது. சாப்மேன் 1942 வரை அதே அருங்காட்சியகத்தில் வேலை பார்த்துவிட்டு, 1945 நவம்பரில் இறந்தார். வடஅமெரிக்கப் பறவைகளுக்கான அரங்கு அங்கே இருக்கு. பார்க்கில் குருவி பார்த்துட்டு ரோட்டைத் தாண்டினா போதும்.