சுல்தான் கானின் பொறுமை

சதுரங்கத்தில் எதிரியின் ராஜாவை மின்னல் வேகத்தில் மடக்கிய ஆட்டங்களையே மக்கள் பெரிதும் பேசுகின்றனர். காய்கள் குறைந்தபின் மணிக்கணக்கில் நீளும் பின்பகுதியை ரசிப்போர் சிலரே. மர்ஹூம் மீர் சுல்தான் கான் அவர்களின் கீர்த்தி அந்தப் பின்பகுதியிலேதான் இருக்கின்றது. ஆகவே அன்னாரின் சரிதையை வாசக நேயர்களுக்குத் தருகின்றோம்.

இன்று பாகிஸ்தானிலுள்ள பஞ்சாபில், குஷாபை அடுத்த மிட்டா திவானா என்னும் ஊரில் 1903-ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். தந்தையாரிடம் ஆட்டம் பயின்றார். பயின்றது பழைய இந்திய முறை. அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். பெருநிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் அவரை ஆதரித்து, ஐரோப்பிய முறையையும் பழகச் செய்தார். 1928-இல் அகில இந்தியப் பட்டம் கிடைத்தது. 1929-இல் சர் உமருடன் லண்டன் சேர்ந்தார். அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியனுமானார். 1932-லும் 1933-லும் அதே பட்டத்தை மீண்டும் வென்றார்.

ஆட்டத் தொடக்கங்களைப் பற்றிய நூலறிவு அவருக்கு மிகக் குறைவு. எதிரிகள் படித்து வந்த பாடத்தை அவர் பலகையின் முன் அமர்ந்து தாமே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் அவரைச் சர் உமரின் வேலைக்காரர் என்று எழுதின. குடும்பத்தார் அதனை மறுத்துள்ளனர்; நமக்கும் அந்த எழுத்து உவப்பாயில்லை.

1930-ஆம் ஆண்டு இறுதியில் ஹேஸ்டிங்ஸ் என்னும் கடற்கரை நகரில் தொடங்கிய போட்டியில், கியூபா தேசத்துக் காபாபிளாங்காவை அவர் எதிர்கொண்டார். காபாபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியன். 1916-க்குப் பின் எட்டாண்டுக் காலம் தோல்வியே காணாதவர். பின்பகுதி ஆட்டத்தில் சூரர். அவர் தம் இரு யானைகளையும் கொடுத்துச் சுல்தான் கானின் ராணியை வாங்கினார். வியாபாரிகளாகிய நமக்கு இந்தப் பண்டமாற்று நன்கு விளங்கும்: யாருக்கு இலாபம் என்பது சரக்கை வைத்து நடத்தும் விதத்தில் இருக்கின்றது.

24-ஆம் நகர்த்தலில் மாற்று முடிந்தது. அதன்பின் நாற்பது நகர்த்தல்கள்! சுல்தான் கான் தம் யானைகளைத் திறந்த பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். ராணிப் பக்கத்துச் சிப்பாய்களை ஒவ்வோர் அடியாக முன்னேற்றினார். தம் ராஜாவை மெள்ள மெள்ள மூலைக்குக் கொண்டுபோய், பிறகு அதே நிதானத்துடன் நடுப்பக்கம் திருப்பினார். காபாபிளாங்காவின் ராணியோ உள்ளே நுழைய வழியின்றி ஒரே கட்டங்களில் போய் வந்துகொண்டிருந்தது. அவசரப்பட்டு ஒரு சிப்பாயை வீணே தள்ளியிருந்தால் அந்த ராணிக்கு வழி திறந்திருக்கும். 59-ஆம் நகர்த்தலில் காபாபிளாங்கா ஒரு சிப்பாயைப் பிடித்தார். சுல்தான் கான் அதற்குக் கலங்காமல், யானையை உட்புகுத்தி வேறொரு சிப்பாயை எடுத்தார். அவருடைய சிப்பாய் ஆறாம் வரிசையை எட்டியது. 65-ஆம் நகர்த்தலோடு காபாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

1931-இல் பிராக் நகரத்து ஒலிம்பியாட்டில் இங்கிலாந்தின் முதற் பலகையில் அமர்ந்து புளோர், ரூபின்ஸ்டைன் இருவரையும் வென்றார். உலகச் சாம்பியன் அலெகைனுடன் சமன் செய்தார். 1933-இல் சர் உமரின் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்னும் பெண்மணியும் பிரிட்டிஷ் மகளிர் பட்டம் பெற்றார். அதைப் பலர் அறியார்!

லண்டன் குளிர் சுல்தான் கானுக்கு ஒத்துவரவில்லை. 1933 இறுதியில் ஊர் திரும்பினார். 1935-இல் காதில்கர் என்பவரைப் பத்து ஆட்டங்களில் ஒன்றைச் சமன் செய்து மற்றவற்றை வென்றார். பிறகு பெரும் போட்டிகளில் அவரைக் காணோம். 1950-இல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியபோது அவர் பெயர் இடம்பெறவில்லை. நிலபுலன்களைக் கவனித்து வாழ்ந்த அவர், தம் மக்களைச் சதுரங்கத்தை விடப் பயனுள்ள வேலை பார்க்குமாறு சொல்லி வந்தார். 1966-இல் சர்கோதாவில் காலமானார். சம்மேளனம் 2024-இல் அவருக்குக் கௌரவக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது.