இலை இல்லாத செடியைக் கண்டவர்!

குட்டீஸ்... இலையே இல்லாத செடியைப் பார்த்திருக்கிறீர்களா?

கியூபா தீவின் காடுகளில் அப்படி ஓர் ஆர்க்கிட் உண்டு. மரத்தைப் பற்றிக்கொண்டு வளரும். ஆனால், மரத்தின் சாற்றை உறிஞ்சாது. பச்சை நிற வேர்களே, சூரிய ஒளியில் உணவு தயாரித்து விடும். பூக்கும்போது, வெள்ளைப் பூ மட்டும் காற்றில் மிதப்பது போலத் தெரியும். அதனால், 'பேய் ஆர்க்கிட்' என்று பெயர்!

இதை 1844ல் கியூபாவில் கண்டு, அறிவியல் உலகுக்குத் தெரிவித்தவர் ழான் லிண்டன். அவரது பெயரே இச்செடியின் அறிவியல் பெயரில் இடம்பெற்றுள்ளது.

லிண்டன், 1817ல் ஐரோப்பாவின் லக்சம்பர்க் நாட்டில் பிறந்தார். பெல்ஜியம் நாட்டின் பிரசல்ஸ் நகரில் அறிவியல் பயின்றார். 1835ல், தாவரங்களைச் சேகரித்து வரும்படி, பெல்ஜியம் அரசு அவரைப் பிரேசிலுக்கு அனுப்பியது. உடன் இரண்டு நண்பர்களும் சென்றனர். அப்போது அவருக்கு வயது 18 தான்! பின், கியூபா, மெக்சிகோ, வெனிசுலா, கொலம்பியா என, 1844 வரை காடு மலைகளில் அலைந்தார்.

அக்காலத்தில், ஐரோப்பியச் செல்வந்தர்கள் ஆர்க்கிட் செடிகளைப் பெரும் பணம் கொடுத்து வாங்கினர். ஆனால், செடிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. காரணம் யாருக்கும் புரியவில்லை.

வெப்ப நாட்டுச் செடி என்றால் சூடு வேண்டும் என எண்ணிய தோட்டக்காரர்கள், அவற்றைக் கண்ணாடி வீட்டில் பூட்டி, அனல் மூட்டி வந்தனர். லிண்டனோ, பல ஆர்க்கிட்கள் குளிர்ந்த மலைகளில் வளர்வதை நேரில் பார்த்தவர். ஒவ்வொரு செடியும் எவ்வளவு உயரத்தில், எத்தகைய வெப்பத்தில், ஈரத்தில் வாழ்கிறது எனக் குறித்து வைத்திருந்தார். மலைச் செடிகளுக்குக் குளிர்ச்சியும், நல்ல காற்றும் போதும் என விளக்கினார். அதன்படி வளர்த்தபோது, செடிகள் பிழைத்துப் பூத்தன!

பெல்ஜியத்தில் லிண்டன் அமைத்த நாற்றுப்பண்ணை, உலகப் புகழ் பெற்றது. 1898ல் பிரசல்ஸ் நகரில் காலமானார்.

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. ஆர்க்கிட் வியாபாரத்துக்காகக் காடுகளிலிருந்து ஏராளமான செடிகள் பறிக்கப்பட்டன. லிண்டனின் பண்ணையும் அதற்கென ஆட்களை அனுப்பியது. பேய் ஆர்க்கிட் இன்று அழிவின் விளிம்பில் உள்ளது. அதன் விதை முளைக்கவே ஒருவகைப் பூஞ்சையின் துணை தேவை. அதனால், பறித்து வந்து வீட்டில் வளர்ப்பது மிகக் கடினம்.

உங்கள் வீட்டுத் தொட்டிச் செடி வாடினால், முதலில் அது எந்த இடத்துச் செடி என்று கேட்டுப் பாருங்கள். காட்டில் அழகான செடியைக் கண்டால், பறிக்காமல் ரசித்து விட்டு வாருங்கள், சரியா!